காட்டுப் பூனையினங்களின் வைரஸ்கள்: கண்டறிவதும் வகைப்படுத்துவதும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"புலியில் புதிய வைரஸ்" என்று செய்தி வரும்போதெல்லாம் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு வைரஸின் மரபணுத் துண்டு கிடைப்பது வேறு; அது அந்த விலங்கின் வைரஸ்தான் என்று நிறுவுவது வேறு; அதுதான் விலங்கைக் கொன்றது என்று காட்டுவது முற்றிலும் வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிக் கேள்விகள் பிறக்கின்றன.

காட்டுப் பூனையினங்கள் என்றால் எவை?

ஃபெலிடே குடும்பத்தில் வீட்டுப்பூனையைத் தவிர்த்த மற்ற எல்லாமே. சிங்கம், புலி, சிறுத்தை, பனிச்சிறுத்தை, சிவிங்கிப்புலி, பூமா, லின்க்ஸ் தொடங்கி, உள்ளங்கைகளில் அடங்கிவிடக்கூடிய குட்டிப் பூனைகள் வரை ஏறத்தாழ நாற்பது இனங்கள். இன்றுள்ள பூனைகள் அனைத்திற்கும் பொதுவான மூதாதை சுமார் 1 கோடியே 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அதாவது இவை மிக நெருங்கிய உறவினர்கள். ஒன்றின் உடலில் வளரும் வைரஸ் இன்னொன்றின் உடலிலும் வளர வாய்ப்பு அதிகம் என்பதற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம்.

நோயே இல்லாத விலங்கைப் பிடித்து அதில் வைரஸ் தேடுவது எதற்கு?

நோய் வந்த பிறகு தேடினால், கிடைத்த வைரஸ் நேற்று வந்ததா, தலைமுறை தலைமுறையாக இருப்பதா என்று சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க நலமாக இருந்த காலத்து மாதிரிகள் வேண்டும்.

தான்சானியாவின் செரெங்கெட்டி சிங்கங்கள் இதற்கு நல்ல சான்று. 1994இல் அங்கே ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள், அதாவது மூன்றில் ஒரு பங்கு, கனைன் டிஸ்டெம்பர் எனும் நாய்களின் வைரஸால் மடிந்தன. சிங்கங்களுக்கு முதன்முறையாக வந்த நோய் என்றே எவரும் நினைப்பார்கள். ஆனால் உறைபெட்டிகளில் பத்திரமாக இருந்த பழைய இரத்த மாதிரிகளைப் பரிசோதித்தபோது, செரெங்கெட்டியிலும் அருகிலுள்ள இங்கோரோங்கோரோவிலும் 1976க்கும் 2006க்கும் இடையில் குறைந்தது ஐந்து முறை அதே வைரஸ் ஓசையின்றி வந்துபோயிருப்பது தெரிந்தது. அந்த ஐந்து முறையும் குறிப்பிடத்தக்க உயிரிழப்பு இல்லை. அப்படியானால் 1994இல் மட்டும் என்ன நடந்தது என்பதே சரியான கேள்வி. அதற்குக் கீழே வருகிறேன்.

புதிய வைரஸ்களைக் கண்டுபிடிப்பவர்களுக்குக் கிடைக்கும் கைதட்டலில் கால்பங்காவது, முப்பது ஆண்டுகளாக மின்சாரம் போகாமல் உறைபெட்டிகளைக் காத்தவர்களுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

மாதிரிகளை எப்படி எடுக்கிறார்கள்?

வைரஸ் தேடுவதற்காக மட்டும் ஒரு காட்டுப் பூனையை மயக்குவது அரிது. ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டவோ காயத்திற்குச் சிகிச்சை அளிக்கவோ பிடிக்கும்போது, அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

மயக்க ஊசிகளில் கீட்டமின் கலந்திருந்தால் விலங்கு கண் திறந்தபடியே கிடக்கும். இமைக்காது. எனவே முதல் வேலை, கண் உலர்ந்துபோகாமல் களிம்பு தடவித் துணியால் மூடுவது. பிறகு ஒருவர் மூச்சையும் உடல் வெப்பத்தையும் கவனித்துக்கொண்டே இருப்பார். இன்னொருவர் பின்னங்காலின் உட்புறம் மயிரை விலக்கி நாளத்தில் இரத்தம் எடுப்பார். உறையாமல் தடுக்கும் மருந்துள்ள குழாயில் ஒரு பகுதி, வெற்றுக் குழாயில் ஒரு பகுதி. முதலாவதிலிருந்து செல்களும் அவற்றினுள் இருக்கும் மரபணுவும் கிடைக்கும். இரண்டாவதில் இரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் மஞ்சள் நீரிலிருந்து, கிருமிகளை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடிகள் கிடைக்கும். வாய், மூக்கு, இமையின் உட்புறம், மலவாய் ஆகியவற்றில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பார்கள். உண்ணிகள் இருந்தால் அவையும் ஒரு குப்பிக்குள் போகும்.

இதன்பின்தான் உண்மையான ஓட்டம். ஆர்.என்.ஏ. வெயிலில் விரைவில் சிதைந்துவிடும். பதப்படுத்தும் திரவத்திலோ திரவ நைட்ரஜனிலோ உடனே போட்டுவிட்டு, பின்னர் மைனஸ் 80 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். பூனையினங்கள், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியல்களில் இருப்பதால், ஒரு துளி இரத்தத்தை நாடு விட்டு நாடு அனுப்புவதற்கும் அனுமதிச் சீட்டு தேவை. பல மாதிரிகள் ஆய்வகத்தை விட அலுவலக மேசைகளில்தான் அதிக காலம் கழிக்கின்றன.

இறந்த விலங்கென்றால் மூளை, நுரையீரல், மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள் என ஒவ்வோர் உறுப்பிலும் இரண்டு துண்டுகள் எடுக்கப்படும். ஒன்று ஃபார்மலினுக்கு, மற்றொன்று உறையவைக்க. ஃபார்மலின் திசுவின் அமைப்பைக் காக்கும், ஆனால் மரபணுவைத் துண்டு துண்டாக்கும், உறையவைத்தால் நேர்மாறு. ஒன்றை மட்டும் எடுத்து அனுப்பினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

விலங்கைத் தொடாமல், எச்சத்தைச் சேகரித்துத் தேடினால் போதாதா?

மலிவானது, விலங்குக்குத் தொந்தரவில்லாதது. ஆனால் புலியின் எச்சத்தில் கிடைக்கும் வைரஸ், புலி தின்ற மானுடையதாக இருக்கலாம். மானின் குடலிலிருந்த பாக்டீரியாவினுடையதாக இருக்கலாம். மான் மேய்ந்த செடியினுடையதாகவும் இருக்கலாம். எச்சத்தின்மேல் முளைத்த பூஞ்சையின் வைரஸாகக்கூட இருக்கலாம். வேட்டையாடும் விலங்கின் எச்சம் என்பது ஒரு காட்டின் உணவுச் சங்கிலி முழுவதின் மிச்சம். இதில் மட்டும் கிடைத்த மரபணு வரிசையை வைத்து "புலியின் வைரஸ்" என்று பெயர் சூட்டுவது அவசரம். அதே வரிசை இரத்தத்திலோ திசுவிலோ கிடைத்தால் நம்பலாம்.

இதுவரை யாரும் பார்க்காத வைரஸை ஆய்வகத்தில் எப்படிப் பிடிக்கிறார்கள்?

பழைய வழி, செல்களில் வளர்த்துப் பார்ப்பது. பூனைச் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கப்பட்ட செல் வரிசைகளில் மாதிரியைச் சேர்த்து, செல்கள் வீங்குகின்றனவா, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவா, உதிர்கின்றனவா என்று நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வீட்டுப்பூனைகளின் நோயெதிர்ப்பைக் குலைக்கும் எஃப்.ஐ.வி. என்ற வைரஸ் இப்படி இரத்த செல்களை வளர்த்துத்தான் பிடிபட்டது. 1986இல் கலிஃபோர்னியாவின் பெட்டலூமாவில் ஒரே இடத்தில் வளர்ந்த பூனைகள் எய்ட்ஸ் போன்ற நோயால் நலிந்தபோது, நீல்ஸ் பெடர்சனும் ஜேனட் யமமோட்டோவும் அவற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். குறை என்னவென்றால், பெரும்பாலான வைரஸ்கள் செல்களில் வளர மறுக்கும்.

இரண்டாவது வழி, உறவினரைக் கொண்டு தேடுவது. ஒரு வைரஸ் குடும்பத்தில் எளிதில் மாறாத மரபணுப் பகுதிகள் சில இருக்கும். அவற்றுக்குப் பொருந்துமாறு, ஆங்காங்கே நெகிழ்வு விட்டு வடிவமைத்த பிரைமர்கள் எனும் சிறு மரபணுத் துண்டுகளால் பி.சி.ஆர். செய்தால், அதாவது அந்தப் பகுதியைப் பன்மடங்கு பெருக்கினால், அதே குடும்பத்தின் அறியப்படாத உறுப்பினரும் சிக்கும். 2014இல் வீட்டுப்பூனை, பாப்கேட் எனும் வட அமெரிக்கக் காட்டுப் பூனை, பூமா ஆகிய மூன்றிலும் மூன்று புதிய காமா ஹெர்பிஸ் வைரஸ்கள் இப்படித்தான் கிடைத்தன.

மூன்றாவது, மெட்டாஜினோமிக்ஸ். எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டித் தீர்மானிக்காமல், மாதிரியிலுள்ள மரபணுக்கள் அனைத்தையும் வரிசைப்படுத்திவிட்டு, விலங்கினுடையதையும் பாக்டீரியாவினுடையதையும் கணினியில் கழித்துப் பார்ப்பது. இன்று புதிய வைரஸ்களில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது. ஆய்வக ரசாயனங்களிலேயே ஒட்டியிருக்கும் வைரஸ் துண்டுகள் "புதிய கண்டுபிடிப்பு" வேடத்தில் வருவதும் இதில்தான். அதனால் மாதிரியே இல்லாத வெற்றுக் குழாயையும் கூடவே வரிசைப்படுத்துவது கட்டாயம். அதைச் செய்யாத அறிக்கையை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

ஆன்டிபாடி சோதனையில் பாசிட்டிவ் வந்தால் வைரஸ் இருக்கிறது என்று பொருளா?

எப்போதோ அந்த வைரஸையோ அதன் நெருங்கிய உறவினரையோ உடல் சந்தித்திருக்கிறது என்று பொருள். சில வைரஸ்கள் உடலை விட்டு நீங்கிவிடும். ஆன்டிபாடி ஆண்டுக்கணக்கில் நிற்கும். எஃப்.ஐ.வி. போன்றவை உடலை விட்டு நீங்குவதில்லை, எனவே அவற்றில் பாசிட்டிவ் என்றால் தொற்று தொடர்கிறது என்றே கொள்ளலாம்.

வீட்டுப்பூனைக்கென்று செய்த சோதனைப் பெட்டிகளைச் சிங்கத்துக்கோ பூமாவுக்கோ பயன்படுத்துவதில் இன்னொரு சிக்கல். அவற்றின் எஃப்.ஐ.வி. சற்று வேறுபட்டது என்பதால் தொற்று இருந்தும் நெகட்டிவ் காட்டலாம்.

வைரஸை வகைப்படுத்துவது யார்? எதை வைத்து?

சர்வதேச வைரஸ் வகைப்பாட்டுக் குழு என்ற அமைப்பு இருக்கிறது, சுருக்கமாக ஐ.சி.டி.வி. இனம், பேரினம், குடும்பம் ஆகியவற்றைத் தீர்மானிப்பது அதுதான். டெல்டா, ஒமிக்ரான் போன்ற உட்பிரிவுகளில் அது தலையிடுவதில்லை.

முதலில் கேட்பது, மரபணு டி.என்.ஏ.வா, ஆர்.என்.ஏ.வா, ஒற்றை இழையா, இரட்டை இழையா, அதிலிருந்து, புரதம் செய்யும் கட்டளையைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ. எப்படி உருவாகிறது என்பது. 1971இல் டேவிட் பால்டிமோர் வகுத்த இந்த முறையில் இப்போது ஏழு பிரிவுகள். பூனைகளின் பார்வோவைரஸ் ஒற்றை இழை டி.என்.ஏ.; ஹெர்பிஸும் பாப்பிலோமாவும் இரட்டை இழை டி.என்.ஏ.; டிஸ்டெம்பர் ஒற்றை இழை ஆர்.என்.ஏ.; எஃப்.ஐ.வி.யும், இரத்தப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பூனை லுகேமியா வைரஸும் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி விலங்கின் மரபணுவுக்குள்ளேயே செருகிக்கொள்ளும் ரெட்ரோவைரஸ்கள்.

அதன்பின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு உறவு மரம் வரைவார்கள். எவ்வளவு வேறுபட்டால் புதியது என்பதற்கு எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. பாப்பிலோமா வைரஸ்களில் எல்1 என்ற வெளியுறைப் புரத மரபணு ஏற்கெனவே அறிந்தவற்றிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அது புதிய வகை. வேறு குடும்பங்களில் வேறு மரபணு, வேறு எல்லை.

2017 வரை, செல்லில் வளராத, வெறும் வரிசையாக மட்டுமே கிடைத்த வைரஸுக்கு இனத் தகுதி தருவதா என்ற வாதம் நீண்டுகொண்டே இருந்தது. முழுமையான, தரமான மரபணு வரிசை இருந்தால் தரலாம் என்ற கருத்து அந்த ஆண்டில் ஒப்புக்கொள்ளப்பட்டது. இது சரியான முடிவு. காட்டுப் பூனைகளின் வைரஸ்களில் பலவற்றை ஒருபோதும் செல்லில் வளர்க்க முடியாமல் போகலாம்.

பெயர்கள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன?

இனப் பெயர்கள் இப்போது இரண்டு சொற்களாக அமைகின்றன. டிஸ்டெம்பர் வைரஸின் இனம் மார்பிலிவைரஸ் கேனிஸ், எஃப்.ஐ.வி.யின் இனம் லெண்டிவைரஸ் ஃபெலிம்டெஃப். நோயின் பழைய பெயரும் வைரஸின் வழக்குப் பெயரும் அப்படியே புழங்கும். மாறுவது இனப் பெயர் மட்டுமே.

பூனைகளின் பான்லூகோபீனியா வைரஸும் (மேலே சொன்ன பூனைப் பார்வோவைரஸ்தான் இது), 1978 வாக்கில் உலகெங்கும் நாய்களிடையே திடீரெனப் பரவிய பார்வோவைரஸும் ஒரே இனத்தில், புரோட்டோபார்வோவைரஸ் கார்னிவோரான் 1 என்பதில், அடங்குகின்றன என்றால் கால்நடை மருத்துவர்களே சிலசமயம் முகம் சுளிப்பார்கள். நோயாளிகள் வேறு, வரலாறு வேறு. ஆனாலும் வரிசைகள் அவ்வளவு நெருக்கம். நாய் வைரஸின் பிற்கால வடிவங்கள் மீண்டும் பூனையினங்களையும் தாக்குகின்றன. வகைப்பாடு உறவைச் சொல்கிறது, நோயைச் சொல்வதில்லை.

ஒரு வைரஸ் அந்தப் பூனையினத்துக்கே உரியதா, வெளியிலிருந்து வந்ததா என்று எப்படி அறிவது?

வைரஸ்களின் உறவு மரத்தையும் விலங்குகளின் உறவு மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2007இல் வீட்டுப்பூனை, பாப்கேட், பூமா, பனிச்சிறுத்தை, ஆசியச் சிங்கம் ஆகிய ஐந்தின் பாப்பிலோமா வைரஸ்களை ஒப்பிட்டபோது, வைரஸ் மரத்தின் கிளைகள் பூனை மரத்தின் கிளைகளோடு அப்படியே பொருந்தின. பூனைகள் பிரிந்தபோது வைரஸ்களும் கூடவே பிரிந்திருக்கின்றன. பூனைகள் பிரிந்த காலம் ஏற்கெனவே தெரியும் என்பதால், அந்த வைரஸ்கள் எவ்வளவு மெதுவாக மாறுகின்றன என்றும் கணக்கிட முடிந்தது.

மரங்கள் பொருந்தாவிட்டால் தாவல் நடந்திருக்கிறது. பூமாக்களில் இருவகை எஃப்.ஐ.வி. உண்டு. அவற்றில் ஏ வகை உண்மையில் பாப்கேட்டுகளின் வைரஸ். தெற்குக் கலிஃபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் அது பூமாக்களுக்குத் தாவியிருக்கிறது. பி வகைதான் பூமாக்களுக்கே உரியது. ராக்கி மலைப் பகுதிப் பூமாக்களிடம் எடுத்த எஃப்.ஐ.வி. வரிசைகளை வைத்து 2006இல் ஓர் ஆய்வுக் குழு, பூமாக்கூட்டங்கள் எங்கே பிரிந்தன, எங்கே பரவின என்று வரைந்துகாட்டியது. பூமாவின் சொந்த மரபணு நூற்றாண்டுகளில் காட்டாத மாற்றத்தை, வேகமாக மாறும் வைரஸ் சில பத்தாண்டுகளில் காட்டிவிடுகிறது.

விலங்கின் மரபணுவுக்குள்ளேயே வைரஸ் இருக்கும் என்கிறார்களே?

ஆம். ரெட்ரோவைரஸ் முட்டையையோ விந்தையோ உருவாக்கும் செல்லில் நுழைந்துவிட்டால், அது சந்ததிக்கும் போகும். ஆர்டி-114 என்ற வகை வைரஸ் வீட்டுப்பூனையிலும் அதன் நெருங்கிய உறவினங்களிலும் இப்படி இருக்கிறது. சிறுத்தைப்பூனை போன்ற சற்றே தள்ளிய உறவினங்களில் இல்லை. அதன் நெருங்கிய சொந்தம் ஆப்பிரிக்கப் பபூன் குரங்குகளின் மரபணுவில் கிடைத்தது. வீட்டுப்பூனை அடங்கிய ஃபெலிஸ் பேரினம் மற்ற பூனைகளிடமிருந்து பிரிந்த பிறகு, குரங்கு வழியில் வந்த வைரஸ் அதற்குள் புகுந்தது என்று 1974இலேயே முடிவு சொன்னார்கள்.

வீட்டுப்பூனையின் மரபணுவில் லுகேமியா வைரஸின் பழைய துண்டுகளும் உள்ளன. வெளியிலிருந்து வரும் ஏ வகை லுகேமியா வைரஸ் இந்தத் துண்டுகளோடு கலந்துதான் பி வகை உருவாகிறது. பூமாவின் மரபணுவில் அந்தத் துண்டுகள் இல்லை. எனவே ஃபுளோரிடாப் பூமாவின் உடலில் பி வகை கிடைத்தால், அது அங்கே பிறந்ததாக இருக்க முடியாது. வேறொரு விலங்கிடமிருந்து வந்ததுதான். உண்மையில் அப்படிக் கிடைத்திருக்கிறது.

நாய்களின் வைரஸ்தான் சிங்கங்களைக் கொன்றது என்று எப்படி உறுதி செய்தார்கள்?

1990களின் தொடக்கம் வரை பெரும்பூனைகளுக்கு டிஸ்டெம்பர் வராது என்றே பொதுவாக நம்பப்பட்டது. அமெரிக்கக் காப்பகங்களில் சில சிங்கங்களும் புலிகளும் இறந்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது; செரெங்கெட்டியில் அது முழுதாகச் சரிந்தது.

சிங்கங்களின் முகமும் கால்களும் துடித்தன, வலிப்பு வந்தது, நடை தடுமாறியது. இறந்தவற்றின் மூளையிலும் நுரையீரலிலும் மெல்லிய சீவல்கள் எடுத்துச் சாயமிட்டபோது, செல்களுக்குள் இளஞ்சிவப்பு நிறத்தில் உருண்டைகள் தெரிந்தன. டிஸ்டெம்பர் வைரஸ் தன் புரதங்களைக் குவித்துவைக்கும் இடங்கள் அவை. அந்தத் திசுவிலேயே வைரஸின் புரதத்தை அடையாளம் கண்டார்கள். வரிசைப்படுத்தியபோது சுற்றுப்பகுதி நாய்களின் வைரஸோடு ஒத்துப்போனது. வைரஸ் இருக்கிறது என்பதோடு நிற்காமல், சிதைந்த இடத்திலேயே வைரஸ் இருக்கிறது என்று காட்டியதுதான் முக்கியம்.

ஐந்து முறை சும்மா போன வைரஸ் 1994இல் ஏன் கொன்றது? 1993இல் கடும் வறட்சி. மெலிந்த காட்டெருமைகளின்மேல் உண்ணிகள் பெருகின. அவற்றைத் தின்ற சிங்கங்களுக்கு உண்ணிகள் கடத்தும் பபீசியா என்ற இரத்த ஒட்டுண்ணி அளவுக்கு மீறித் தொற்றியது. டிஸ்டெம்பர் நோயெதிர்ப்பை முடக்க, பபீசியா வேலையை முடித்தது. குஜராத்தின் கிர் காட்டில் 2018 செப்டம்பர், அக்டோபரில் தல்கானியா சரகத்தில் 23 ஆசியச் சிங்கங்கள் இறந்தபோதும் டிஸ்டெம்பரும் பபீசியாவும் பேசப்பட்டன. வைரஸை உறுதிசெய்தது புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம்.

நாய்தான் எப்போதும் குற்றவாளி என்றும் சொல்லிவிட முடியாது. ரஷ்யாவின் தூர கிழக்கில் ஆமூர் புலிகளுக்கு வந்த டிஸ்டெம்பர், வரிசைகளை ஒப்பிட்டபோது, முதன்மையாக மற்றக் காட்டு விலங்குகளிடமிருந்தே வந்தது என்று 2020இல் தெரிந்தது. ஊர் நாய்கள் அனைத்துக்கும் தடுப்பூசி போட்டாலும் அந்தப் புலிகள் தப்பியிருக்காது. வகைப்பாடு ஏட்டுச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்த்தால் போதும்.

எஃப்.ஐ.வி. உள்ள சிங்கத்துக்கு எய்ட்ஸ் வருமா?

செரெங்கெட்டியில் வயதுவந்த சிங்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு எஃப்.ஐ.வி. இருக்கிறது, அவை வேட்டையாடுகின்றன, குட்டி போடுகின்றன. அதற்காக முற்றிலும் தீங்கற்றது என்றும் சொல்ல முடியாது. தொற்றிய சிங்கங்களில், நோயெதிர்ப்பை வழிநடத்தும் சிடி4 வெள்ளணுக்கள் குறைவது பதிவாகியிருக்கிறது. நெடுங்காலம் பழகிய உறவு என்பதே பொருத்தம்.

பறவைக் காய்ச்சலும் கோவிட்டும் பூனைகளுக்கு வந்தது உண்மையா?

இரண்டும் உண்மை. தாய்லாந்தின் ஒரு புலிக் காட்சிசாலையில் 2004 அக்டோபரில் 441 புலிகளில் 147 புலிகள் எச்5என்1 பறவைக் காய்ச்சல் தொற்றால் இறந்தன அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. வழி, பச்சைக் கோழி இறைச்சி. 2024இல் வியட்நாமில் அதே வைரஸால் 47 புலிகள் இறந்தன. 2020 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் காட்சிசாலையில் ஒரு மலாய்ப் புலிக்குக் கோவிட் உறுதியானது. அங்கே புலிகளுக்கும் சிங்கங்களுக்கும் வந்த வைரஸ் வரிசைகள் வெவ்வேறாக இருந்தன, அதாவது தொற்று இரு தனித்தனி வழிகளில் வந்திருந்தது. புலிகளுக்கு வந்தது பராமரிப்பாளரிடமிருந்து.

தடுப்பூசி போட முடியுமா?

சிலவற்றுக்கு முடியும். ஃபுளோரிடாப் பூமாக்களில் 2002 முதல் 2004 வரை ஐந்துக்கு லுகேமியா வைரஸ் கண்டறியப்பட்டு ஐந்தும் இறந்தன. வீட்டுப்பூனையிலிருந்து வந்தது என்று வரிசை காட்டியது. பிடிபட்ட மற்றப் பூமாக்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். ஸ்பெயினின் தோன்யானாவில் 2007இல் ஐபீரிய லின்க்ஸுகளிடையே அதே வைரஸ் பரவியபோதும் இதையே செய்தார்கள். மொத்தமே சில நூறு விலங்குகள் எஞ்சியிருக்கும் இனத்தில் இது பயனுள்ளது. பரந்த காட்டில் ஆயிரக்கணக்கான சிங்கங்களை ஒவ்வொன்றாக மயக்கி ஊசி போடுவது நடக்கிற காரியமல்ல.

இந்த வைரஸ்கள் மனிதருக்கு வருமா?

எஃப்.ஐ.வி., பூனை லுகேமியா, டிஸ்டெம்பர், பான்லூகோபீனியா ஆகியவை மனிதருக்கு நோய் உண்டாக்குவதாகத் தெரியவில்லை. வெறிநோய் வரும், அது கொல்லும். பறவைக் காய்ச்சலும் அஞ்ச வேண்டியதே. எனவே இறந்தோ தள்ளாடியோ கிடக்கும் காட்டுப் பூனையைக் கண்டால் தொட வேண்டாம், வீட்டு நாயை அருகில் விட வேண்டாம். இடத்தையும் நேரத்தையும் குறித்து வனத்துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். உடல் அழுகத் தொடங்கிவிட்டால் ஆய்வகத்துக்கு அதிலிருந்து அதிகம் கிடைக்காது.